தொழுநோயாளரின் தோழர்

செங்கற்பட்டு ஏரிகள் நிறைந்த ஊர். அதற்குத் தெற்கே பாலாறு கடலை நோக்கிச் செல்கின்றது. கிழக்கே திருக்கழுக்குன்றத்தின் மலைக்கோயிலும், அதற்கப்பால் மாமல்லபுரத்தின் கற்கோயில்களும் கடற்கரையும் உள்ளன. பல்லவர் காலத்துச் சிற்பங்களைக் காண்பதற்கு உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் இவ்வழியே வருகின்றனர். அவர்களுள் மிகச் சிலரே செங்கற்பட்டை அடுத்த திருமணி என்னும் சிற்றூரைப் பற்றி அறிந்திருப்பர். ஆயினும், மருத்துவ உலகம் அவ்வூரை நன்கு அறியும். தொழுநோயை வெல்ல மனிதர் நடத்திய நெடும் போரில் திருமணிக்குச் சிறந்ததோர் இடம் உண்டு. அவ்விடத்தை அதற்கு ஈட்டித் தந்தவருள் முதன்மையானவர் மருத்துவர் இராபர்ட் காக்ரேன்.

நோயும் அச்சமும்

பிற நோய்கள் உடலை மட்டுமே வருத்தும். தொழுநோயோ உடலையும் வருத்தி, மனத்தையும் வருத்தி, நோயுற்றவரை ஊரினின்றும் உறவினின்றும் பிரித்துவிடும். பெருநோய் என்றும் குட்டம் என்றும் அதனை அழைத்த நம் முன்னோர், முற்பிறவித் தீவினையின் பயனாக அது வருவது என எண்ணினர். நோயுற்றவர் வீட்டில் உண்ண அஞ்சினர். அவர் மகளை மணக்க மறுத்தனர். இவ்வச்சம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவிலும் இடைக்காலத்தில் நோயாளர் மணியடித்துத் தம் வரவை அறிவித்துக்கொண்டு தெருவில் செல்ல நேர்ந்தது. இந்தியாவில் 1898ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று, வறிய தொழுநோயாளரைப் பிடித்து அடைத்து வைக்கவும் இடமளித்தது.

இந்நோய் தீவினையால் வருவதன்று, கிருமியால் வருவது. நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873ஆம் ஆண்டில் அக்கிருமியைக் கண்டறிந்தார். அது மிக மெதுவாகப் பெருகும் இயல்புடையது. பிற கிருமிகள் பல அரைமணிப் பொழுதில் இரண்டாகப் பெருகும். இதுவோ ஒரு முறை இரண்டாவதற்கு ஏறத்தாழ இரு வாரம் எடுத்துக்கொள்ளும். ஆதலின், உடலிற் புகுந்த கிருமி தன் அடையாளத்தை வெளிப்படுத்தப் பல ஆண்டுகள் ஆகலாம்.

தோலை ஒட்டியும் மூட்டுகளின் அருகிலும் செல்லும் குளிர்ச்சியான நரம்புகளே இக்கிருமி விரும்பித் தங்கும் இடங்கள். முழங்கையின் பின்புறத்தே ஓடும் நரம்பு, முழங்காலின் பக்கத்தே ஓடும் நரம்பு, கணுக்காலின் உட்புறத்து நரம்பு ஆகியவை பெரிதும் தாக்கப்படுகின்றன. நரம்பில் அழற்சி ஏற்பட்டால் அது வீங்கும். நரம்பைச் சுற்றியுள்ள உறை எளிதில் விரியாது. ஆகவே, வீங்கிய நரம்பு தன் உறைக்குள்ளேயே நெரிபடும். முதலில் உணர்ச்சி மங்கும். பின்னர்த் தசைகள் செயலிழக்கும். விரல்கள் மடங்கி நிற்கும். உணர்ச்சியற்ற கை சுடுகலத்தைப் பற்றினாலும் நோவதில்லை. உணர்ச்சியற்ற கால் முள்ளை மிதித்தாலும் அறிவதில்லை. வலியென்பது துன்பமன்று, உடலைக் காக்கும் காவலன் என்பதை இந்நோயாளரைக் கண்டே உலகம் உணர்ந்தது.

பிறப்பும் இளமையும்

காக்ரேன் 1899ஆம் ஆண்டில் சீன நாட்டில் பிறந்தார். அவர்தம் தந்தையார் தாமசு காக்ரேன், சுகாட்லாந்திலிருந்து சென்று வடசீனத்தில் மருத்துவத் தொண்டு புரிந்தவர். மகன் பிறந்த மறு ஆண்டில், அயல்நாட்டாரை எதிர்த்துச் சீனத்தில் பெருங்கலகம் மூண்டது. கைக்குழந்தையுடன் அக்குடும்பம் தான் வாழ்ந்த ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. கலகம் அடங்கியபின் தந்தையார் மீண்டும் சீனம் சென்று, பீக்கிங் நகரில் பெரியதொரு மருத்துவக் கல்லூரியை நிறுவினார். துரத்திய நாட்டிற்கே திரும்பிச் சென்று தொண்டு செய்த தந்தையின் வாழ்வு, மைந்தரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது போலும்!

காக்ரேன் கிளாசுகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, 1924ஆம் ஆண்டில் தேர்ந்தார். இளைஞரான அவர் நல்ல வருவாய் தரும் நகர வாழ்வை நாடவில்லை. எல்லாரும் விலகி ஓடும் நோயாளரை அணுகுவதே தம் கடமையெனத் துணிந்தார். அவ்வாண்டிலேயே தொழுநோயாளர் தொண்டுக்கழகம் ஒன்றின் சார்பில் இந்தியாவிற்கு வந்தார்.

அக்காலத்தில் இந்நோய்க்கு இருந்த மருந்து ஒன்றே. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும் நீரடிமுத்து மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் அது. நாட்டு மருத்துவர் நெடுங்காலமாக அறிந்திருந்த அதனை, மேலைநாட்டு மருத்துவர் ஊசிவழியே செலுத்தினர். ஊசியின் நோவு பெரிது, பயனோ சிறிது. ஆண்டுக்கணக்கில் நோவைப் பொறுத்தவருள்ளும் பலர் நலம் பெறவில்லை. வாரந்தோறும் நம்பிக்கையோடு வந்து வரிசையில் நிற்கும் நோயாளரின் முகத்தைக் காணும் மருத்துவருக்கு, அது எத்துணை வருத்தத்தைத் தந்திருக்கும்!

பின்னர் அவர் இலண்டனிலிருந்த தொழுநோய் ஒழிப்புச் சங்கத்தின் மருத்துவச் செயலராகப் பணியாற்றினார். ஒவ்வொரு நாட்டு மருத்துவரும் தனித்தனியே உழைப்பதால் பயன் குறைவு என்பதை அவர் உணர்ந்தார். 1931ஆம் ஆண்டில் மணிலா நகரில் உலகத் தொழுநோய் அறிஞர்கள் கூடிப் பன்னாட்டுக் கழகம் ஒன்றை அமைத்தபோது, அதனை உருவாக்க முன்னின்று உழைத்தவருள் அவரும் ஒருவர்.

திருமணி வாழ்வு

திருமணியில் 1924ஆம் ஆண்டில் சுகாட்லாந்துத் திருச்சபையார் முயற்சியால் தொழுநோய் இல்லம் ஒன்று தோன்றியிருந்தது. அக்காலத்துச் சென்னை ஆளுநரின் துணைவியார் பெயரால் அது வில்லிங்டன் சீமாட்டி தொழுநோய் இல்லம் எனப்பட்டது. 1935ஆம் ஆண்டில் காக்ரேன் அதன் தலைமை மருத்துவராகப் பொறுப்பேற்றார்.

நோயாளரை அடைத்து வைத்துச் சோறிடும் இடமாக மட்டும் ஓர் இல்லம் அமைதல் தகாது. நோயை ஆராய்ந்து கற்கும் இடமாகவும் அது விளங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒவ்வொரு நோயாளரின் உடலையும் அவர் உச்சி முதல் உள்ளங்கால் வரை கூர்ந்து நோக்குவார். தோலின் நிறமாற்றத்தையும், நரம்பின் தடிப்பையும், உணர்ச்சியின் அளவையும் ஏட்டில் குறிப்பார். ஆண்டுதோறும் அக்குறிப்புகளை ஒப்பிட்டு, நோய் வளர்கின்றதா தேய்கின்றதா எனக் காண்பார். இங்ஙனம் திரட்டிய அறிவையெல்லாம் தொகுத்து, 1947ஆம் ஆண்டில் தொழுநோய் மருத்துவம் பற்றிய பாடநூல் ஒன்றை அவர் வெளியிட்டார்.

நோயாளர் அனைவரும் நோயைப் பரப்புவோர் அல்லர். சிலருடைய உடலில் கிருமிகள் மிகுந்து, மூக்கின் வழியே வெளிப்படும். பலருடைய உடலில் அவை மிகச் சிலவாகவே இருக்கும். முன்னவரிடமிருந்தே நோய் பிறரைத் தொற்றும். அதுவும் ஒருநாள் கண்டு பேசுவதால் தொற்றுவதன்று. நெடுங்காலம் ஒருங்கே நெருங்கி வாழ்வதால் தொற்றுவது. மக்களுள் 100க்கு ஏறத்தாழ 95 பேருக்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. இவ்வுண்மைகள் தெளியாத மக்கள், பரப்புவோரையும் பரப்பாதோரையும் ஒருங்கே வெறுத்து ஒதுக்கினர். இவ்விரு திறத்தாரையும் ஆய்ந்து பிரித்தறிவதே மருத்துவரின் முதற்கடமை என்று காக்ரேன் வற்புறுத்தினார். அச்சத்தைப் போக்க அறிவைவிடச் சிறந்த மருந்து வேறில்லை.

குடிசையும் நோயும்

செங்கற்பட்டுச் சிற்றூர்களில் அந்நாளில் ஏழைமக்கள் வாழ்ந்த வீடுகள் பெரும்பாலும் ஓர் அறையே உடைய ஓலைக் குடிசைகள். மண் சுவர், பலகணி இல்லை, தாழ்ந்த வாயில். பகலில் அனைவரும் வயல்வெளியில் இருப்பர். கடற்கரைக் குப்பங்களிலோ படகிலும் மணலிலும் இருப்பர். இரவிலோ தாயும் தந்தையும் மக்களும் முதியோரும் அவ்வோர் அறையில் நெருங்கிப் படுப்பர். அவருள் ஒருவர் கிருமி மிகுந்தவராயின், அவர் மூச்சையே மற்றவர் இரவு முழுதும் மூச்சாகக் கொள்வர்.

இதனால் மிகவும் இடருற்றவர் குழந்தைகளே. பாட்டியின் மடியில் உறங்கும் பேரனும், தாயின் பக்கத்தில் படுக்கும் மகளும் தம்மையறியாமலே நோயைப் பெற்றனர். தொழுநோயை ஒழிக்க வேண்டுமாயின், குழந்தைகளைக் காத்தலே முதல் வழி என்று காக்ரேன் கண்டார். பின்னாளில் திருமணி இல்லத்தோடு இணைத்துப் பேசப்பட்ட, சென்னைச் சைதாப்பேட்டையிலிருந்த குழந்தைகள் மருத்துவ நிலையமும் இந்நோக்கத்திற்கே பயன்பட்டது.

நோயைப் பரப்புவோர் அனைவரையும் இல்லத்திற்கு அழைத்துவந்து தங்க வைத்தல் இயலாது. அவ்வளவு இடமும் இல்லை, பொருளும் இல்லை. குடும்பத்தைக் காக்கும் உழவன் ஒருவனை ஆண்டுக்கணக்கில் பிரித்து வைத்தால், அவன் மனைவி மக்கள் பசியால் வாடுவர். அவ்வச்சத்தாலேயே பலர் நோயை மறைத்தனர். மறைத்தமையால் நோய் மேலும் பரவிற்று. பிரித்தால் பசி, பிரிக்காவிடில் நோய். இச்சிக்கலுக்குக் காக்ரேன் எளியதொரு வழியைக் கண்டார். ஊரின் புறத்தே ஒரு கொட்டகை அமைத்தல் வேண்டும். கிருமி மிகுந்தவர் இரவில் மட்டும் அங்கே சென்று உறங்குதல் வேண்டும். பகலில் வழக்கம்போல் தம் நிலத்தில் உழைக்கலாம், உறவினரோடு பேசலாம். இம்முறையை அவர் செங்கற்பட்டுப் பகுதிச் சிற்றூர்களில் செயற்படுத்திப் பார்த்தார்.

இம்முறை நோயைத் தீர்க்கும் மருந்தாகாது. ஒரு கொட்டகையில் பலர் ஒதுங்கி உறங்குவதும் மனத்திற்கு இனியதன்று. ஆயினும், வீட்டுத்தலைவனின் உழைப்பையும் அவன் குழந்தையின் உடல்நலத்தையும் ஒருங்கே காக்க முயன்ற முறை அது. காற்றும் ஒளியும் புகும் வீடும், நெருக்கமின்றி உறங்கும் இடமும், வயிறார உணவும் மருந்துக்கு ஒப்பானவை என்பதை அது ஊராருக்கு உணர்த்திற்று.

மருந்து வந்த வரலாறு

நோயைப் பரவாமல் தடுத்தல் ஒரு பாதி. வந்த நோயைத் தீர்த்தல் மறு பாதி. அம்மறு பாதிக்கு வழி பிறந்த வரலாறு வியப்புடையது. 1908ஆம் ஆண்டில் செருமனி நாட்டு வேதியியலார் சாயப்பொருள் ஆராய்ச்சியினிடையே டாப்சோன் என்னும் பொருளை உருவாக்கினர். அதனை மருந்தெனப் பல ஆண்டுகள் எவரும் கருதவில்லை. பின்னர், அதற்குக் கிருமிகளை அடக்கும் ஆற்றல் உண்டு எனத் தெரிந்தது. எனினும், மனித உடல் தாங்காத நச்சுத்தன்மை உடையதென அஞ்சி, அதனை ஒதுக்கினர். அதிலிருந்து செய்யப்பட்ட புரோமின் என்னும் மருந்தை 1941ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் பேஜெட் என்னும் மருத்துவர் தொழுநோயாளருக்கு ஊசிவழியே செலுத்தினார். ஆறாத புண்கள் ஆறின. உலகம் வியந்தது.

ஆனால், புரோமின் விலை மிகுந்தது. நாள்தோறும் இரத்தக் குழாயில் செலுத்த வேண்டுவது. இலட்சக்கணக்கான ஏழை நோயாளர் வாழும் இந்தியாவிற்கு அது எட்டாக் கனியாயிற்று. ஏழைக்குக் கிட்டாத மருந்து இருந்தும் இல்லாததற்கு ஒப்பானதே என்று கருதிய காக்ரேன், அதன் மூலப்பொருளாகிய டாப்சோனை நோக்கித் தம் கருத்தைச் செலுத்தினார். அந்நாளில் இங்கிலாந்தில் கால்நடை மருத்துவர், பசுக்களின் மடிவீக்க நோய்க்கு அதனை எண்ணெயில் கலந்து பயன்படுத்தி வந்தனர். பசு தாங்கும் மருந்தை, அளவறிந்து கொடுத்தால் மனிதனும் தாங்கலாமன்றோ? இரண்டாம் உலகப்போர் முடிந்தவுடன், 1946ஆம் ஆண்டை ஒட்டி, எண்ணெயில் கலந்த டாப்சோனை அவர் செங்கற்பட்டு நோயாளருக்கு ஊசிவழியே செலுத்தத் தொடங்கினார். மூலமருந்தையே நேரடியாகத் தொழுநோயாளருக்குக் கொடுத்த முதல் முயற்சி அதுவே.

அது துணிச்சலான செயல். எனினும், கண்மூடித்தனமான செயலன்று. ஒவ்வொருவரையும் நாள்தோறும் சோதித்து, இரத்தச் சோகையோ தோல் வெடிப்போ தோன்றுகின்றதா எனப் பார்த்துப் பார்த்தே மருந்தைச் செலுத்தினார். மாதங்கள் சென்றன. தோலின் தடிப்புகள் தணிந்தன, கிருமிகள் குறைந்தன. ஆப்பிரிக்காவின் நைஜீரியாவில் லோ என்னும் மருத்துவர், அம்மருந்தையே சிறிய அளவில் மாத்திரையாக விழுங்கச் செய்து அதன் பயனை நிறுவினார். சில காசு விலையுள்ள மாத்திரை, எண்ணெய் ஊசியின் நோவை முற்றும் நீக்கிற்று. பிரித்து வைத்தலே வழியென்று இருந்த நிலை மாறி, வீட்டிலிருந்தே நோயைத் தீர்த்துக்கொள்ளலாம் என்னும் நிலை பிறந்தது.

மடங்கிய கைகள்

காக்ரேன் 1944ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார். அறிவிற் சிறந்த இளம் மருத்துவர் பலரை அவர் அக்கல்லூரிக்கு வரவழைத்தார். அவருள் ஒருவர் பால் பிராண்டு. கொல்லிமலையில் தொண்டு புரிந்த பெற்றோருக்கு 1914ஆம் ஆண்டில் அம்மலையிலேயே பிறந்தவர் அவர். எலும்பு அறுவை மருத்துவம் வல்லவர்.

1947ஆம் ஆண்டில் ஒருநாள், காக்ரேன் அவரைச் செங்கற்பட்டு இல்லத்திற்கு அழைத்துச் சென்று காட்டினார். தோல் மருத்துவராகிய காக்ரேன் நோயாளரின் தோலைச் சுட்டிக்காட்டி விளக்கிக்கொண்டே நடந்தார். பிராண்டின் கண்களோ நோயாளரின் கைகளையே நோக்கின. விரல்கள் பறவையின் உகிர்போல் மடங்கியிருந்தன. சிலருக்கு விரல்களே இல்லை. அவை அவ்வாறு ஆவது ஏன் என்று பிராண்டு வினவினார். அவ்வினாவிற்கு விடை தம்மிடம் இல்லை என்பதைக் காக்ரேன் தயங்காது ஒப்புக்கொண்டார். தோலை ஆராய்வது தம் துறையென்றும், இத்துணைப் பேரை முடமாக்கும் நோயை எலும்பு மருத்துவர் எவரும் இதுகாறும் ஆராயாதது குறையே என்றும், அதனை ஆராய வேண்டியவர் பிராண்டே என்றும் உரைத்தார்.

சிறிது தொலைவில் இளைஞன் ஒருவன் இருந்தான். பிராண்டு தம் கையை அவனுடைய மடங்கிய கைக்குள் கொடுத்து, இறுகப் பற்றுமாறு கூறினார். வலுவிழந்த கையென அவர் எண்ணியதற்கு மாறாக, அவன் பிடி வலிக்கும் அளவிற்கு இறுகிற்று. நரம்பு கெட்டு விரலின் சிறுதசைகள் சோர்ந்தாலும், முன்கையின் பெருந்தசைகள் நன்னிலையில் இருப்பது புலனாயிற்று. நல்ல தசைநாணை எடுத்துச் சோர்ந்த தசையின் இடத்தில் பொருத்தினால், மடங்கிய விரல் நிமிருமன்றோ! அடுத்த ஆண்டில் வேலூரில் அவ்வறுவையை அவர் செய்தார். மூடிய கைகள் திறந்தன. விரல்களை நோய் தின்பதில்லை என்பதையும், உணர்ச்சியின்மையால் படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்பதையும் பிராண்டு பின்னர் மெய்ப்பித்தார். தம்மால் இயலாததைத் தம்மினும் இளையவர் செய்யட்டும் என்று வழிகாட்டிய காக்ரேனின் பெருந்தன்மை, அம்முயற்சிக்கெல்லாம் வித்தாயிற்று.

பிற்காலம்

1951ஆம் ஆண்டில் காக்ரேன் இங்கிலாந்து திரும்பினார். அங்கும் தொழுநோய் மருத்துவத்தையே தம் தொழிலாகக் கொண்டார். 1959ஆம் ஆண்டில் அவர் தொகுத்து வெளியிட்ட பெருநூல், உலகெங்கும் தொழுநோய் மருத்துவருக்கு வழிகாட்டியாக விளங்கிற்று. ஓய்வு கொள்ள வேண்டிய அகவையிலும் அவர் ஓயவில்லை. ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டிலும் சென்று நோயாளரிடையே வாழ்ந்தார். 1985ஆம் ஆண்டில் அவர் இயற்கை எய்தினார்.

அவர் பணியாற்றிய திருமணி இல்லத்தை 1955ஆம் ஆண்டில் இந்திய அரசு ஏற்று, மையத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக ஆக்கிற்று. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மருத்துவரும் ஊழியரும் அங்கே வந்து பயின்றனர். டாப்சோன் ஒன்றையே நெடுங்காலம் கொடுத்ததால், அதற்கு அடங்காத கிருமிகள் தோன்றின. ஆகவே, 1981ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை வகுத்தது. அச்சேர்க்கையிலும் டாப்சோன் இடம்பெற்றுள்ளது. ஆறு திங்களோ ஓராண்டோ மருந்துண்டால் நோய் முற்றும் தீரும். மருந்தும் விலையின்றிக் கிடைக்கின்றது. நோயாளரை அடைத்து வைக்க இடமளித்த பழஞ்சட்டம் 2016ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

ஆயினும், போர் முடிந்துவிடவில்லை. உலகில் ஆண்டுதோறும் புதியராய்க் கண்டறியப்படும் தொழுநோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் ஒன்று தோன்றியவுடன் மருத்துவரிடம் காட்டுவாராயின், நரம்பு கெடுமுன்னரே நோயைத் தீர்த்துவிடலாம். காட்டாமல் மறைப்பதற்குக் காரணம், அயலார் ஏளனம் செய்வர் என்னும் அச்சமே. கிருமியைக் கொல்ல மாத்திரை உண்டு. ஏளனத்தைக் கொல்ல மாத்திரை இல்லை. அதனை நீக்குதல் நம் ஒவ்வொருவரின் கையிலும் உள்ளது.

பிறரெல்லாம் தொட அஞ்சியவரைத் தொட்டு நோக்கி, அவர்தம் குழந்தைகளைக் காத்து, அவருக்கு எட்டும் விலையில் மருந்தும் தேடித் தந்தவர் காக்ரேன். தூய இல்லமும், தூய காற்றும், அன்பு நிறைந்த நெஞ்சமும் கொண்டு நாம் வாழ்வோமாயின், அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.